ஒரே ஊரா, சொந்த ஊரா? மகளிர் நாடுகளுக்கிடையிலான டென்னிஸ் கோப்பையின் அமைப்பு: ஓர் ஆய்வு

நாடுகளுக்கிடையே மகளிர் அணிகள் மோதும் முதன்மையான டென்னிஸ் போட்டி 1963-இல் பெடரேஷன் கோப்பை என்ற பெயரில் தொடங்கியது. 1995-இல் அது ஃபெட் கோப்பை எனச் சுருங்கியது. 2020 முதல் பில்லி ஜீன் கிங் கோப்பை என வழங்கப்படுகிறது. பெயரை விடப் பலமுறை மாறியது அதன் அமைப்பு. அணிகள் எல்லாம் ஓர் ஊரில் கூடி ஒரே வாரத்தில் ஆடி முடிப்பதா? இரண்டு நாடுகள் மோதும்போது அவற்றில் ஒன்றின் மண்ணிலேயே ஆட்டம் நடப்பதா? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் இக்கேள்விக்கு மூன்று பெரிய விடைகள் தரப்பட்டுள்ளன. அவை பிறந்த சூழல், அவற்றின் வலிமை, குறை ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

விதை: வைட்மன் முதல் 1963 வரை

ஆண்களுக்கான டேவிஸ் கோப்பை 1900-இல் தொடங்கியது. பெண்களுக்கும் அத்தகைய போட்டி வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனை ஹேசல் ஹாட்ச்கிஸ் வைட்மன் 1919-இலேயே எண்ணினார். பல நாடுகள் பங்கேற்கும் போட்டியாக அது அப்போது உருப்பெறவில்லை. அவர் வழங்கிய கோப்பைக்காக 1923-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டும் மோதத் தொடங்கின. வைட்மன் கோப்பை எனப்பட்ட அத்தொடர் 1989 வரை நீடித்தது. இரு நாடுகளும் மாறி மாறி நடத்திய அந்தப் போட்டியில் ஏழு ஆட்டங்கள் உண்டு: ஐந்து ஒற்றையர், இரண்டு இரட்டையர். அமெரிக்கா 51 முறையும் பிரிட்டன் 10 முறையும் வென்றன.

இந்த முன்னோடியிலிருந்து இரு பாடங்கள் கிடைத்தன. நாட்டின் பெயரில் பெண்கள் ஆடும் டென்னிஸைக் காணக் கூட்டம் வரும் என்பது ஒன்று. இரண்டே நாடுகள் மோதினால், காலப்போக்கில் ஒரு பக்கம் ஓங்கிப் போட்டியின் விறுவிறுப்பு குன்றும் என்பது மற்றொன்று. எனவே பல நாடுகளுக்கான கோரிக்கை ஓயவில்லை. ஆஸ்திரேலியாவின் நெல் ஹாப்மன் அதற்கு ஆதரவு திரட்டினார். பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மேரி ஹார்ட்விக் ஹேர், இத்தகைய போட்டிக்குப் பரவலான ஆதரவு இருப்பதைக் காட்டும் தொகுப்பு ஒன்றை 1962-இல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பிடம் அளித்தார். 1913-இல் உருவான அந்தக் கூட்டமைப்பு, தன் பொன்விழா ஆண்டில் மகளிர் போட்டியைத் தொடங்க முடிவெடுத்தது.

முதல் விடை: ஒரு வாரம், ஒரே ஊர் (1963–1994)

1963 ஜூனில் லண்டனின் குயின்ஸ் கிளப்பில் 16 நாடுகள் கூடின. ஒவ்வொரு மோதலிலும் இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர் என மூன்று ஆட்டங்கள். தோற்ற அணி வெளியேறும். இறுதியில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒற்றையரில் ஆளுக்கொன்று வென்றன. டார்லீன் ஹார்டும் பில்லி ஜீன் மொஃபிட்டும் இணைந்து ஆடிய இரட்டையர் ஆட்டமே அமெரிக்காவுக்குக் கோப்பையைத் தந்தது. மொஃபிட்தான் பிற்காலத்தில் பில்லி ஜீன் கிங் என உலகம் அறிந்தவர்.

இந்த அமைப்பைத் தேர்ந்ததற்குப் பொருளாதாரமே முதன்மைக் காரணம் எனலாம். தொடக்கத்தில் பரிசுப் பணம் இல்லை. பெரும்பாலான நாட்டுச் சங்கங்களுக்கு மகளிர் அணியை ஆண்டில் பலமுறை கடல் கடந்து அனுப்பும் வசதி இல்லை. ஒரே பயணத்தில் முடியும் ஒரு வாரப் போட்டி என்பதால்தான் சிறிய நாடுகளும் வர முடிந்தது. 1976-இல் கோல்கேட் நிறுவனம் முதல் விளம்பர ஆதரவாளராக வந்தது. 1981 முதல் என்.இ.சி. ஆதரவளித்தது. அணிகள் பெருகின. முதன்மைச் சுற்றில் மட்டும் 32 நாடுகள் ஆடும் நிலை உருவானது.

முதல் விடையை ஆதரித்தோர் சுட்டிய மிகப் பெரிய நன்மை இந்தப் பரப்புதான். டென்னிஸில் பெயர் பெறாத நாட்டின் வீராங்கனை ஒருத்தி, அமெரிக்க நட்சத்திரம் கிறிஸ் எவர்ட் ஆடும் அதே வளாகத்தில் அதே வாரத்தில் தன் நாட்டுக்காக ஆடினாள். இத்தகைய சமநிலையை வேறு எந்த அமைப்பும் தரவில்லை.

குறைகளும் தெளிவாகவே தெரிந்தன. முதலாவதாக, வல்லமை சிலரிடம் குவிந்தது. 1976 முதல் 1982 வரை அமெரிக்கா தொடர்ந்து ஏழு முறை வென்றது. தொடக்கச் சுற்றுகளில் பல மோதல்கள் ஒருதலையாக முடிந்தன. இரண்டாவதாக, போட்டி எங்கு நடக்கிறதோ அந்த நாட்டு ரசிகர்களுக்கே அது உரியதாக இருந்தது. மற்ற நாடுகளின் மக்கள் தங்கள் அணியை நேரில் காணும் வாய்ப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறைகூடக் கிட்டவில்லை.

மூன்றாவதாக, எல்லா நாடுகளும் ஓரிடத்தில் கூடும்போது உலக அரசியலும் அங்கே வந்து சேர்ந்தது. நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்கா 1972-இல் ஜோகன்னஸ்பர்கில் போட்டியை நடத்தி, கோப்பையையும் வென்றது. 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் தென்னாப்பிரிக்காவும் ரொடீசியாவும் பங்கேற்றதை எதிர்த்துச் சோவியத் ஒன்றியமும் வேறு சில நாடுகளும் விலகின. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1975-இல் செக்கோஸ்லோவாகியாவுக்காகக் கோப்பையை வென்று, அதே ஆண்டில் தாயகத்தை விட்டு வெளியேறிய மார்ட்டினா நவ்ரதிலோவா, 1986-இல் அமெரிக்க அணியில் பிராகுக்குத் திரும்பினார். அவரைப் பிராக் மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றனர். ஒரே ஊரில் எல்லோரும் கூடும் அமைப்பு இருந்ததால்தான் அந்தத் திரும்புதல் நிகழ்ந்தது.

இரண்டாம் விடை: சொந்த மண் (1995–2019)

1995-இல் அமைப்பு அடியோடு மாறியது. டேவிஸ் கோப்பையைப் போல ஒரு நாடு மற்றொன்றைத் தன் மண்ணில் எதிர்கொள்ளும் முறை வந்தது. போட்டியை நடத்தும் நாடே ஆடுகளத்தின் தரையைத் தேர்ந்தெடுக்கும். உலகப் பிரிவில் எட்டு அணிகள் மட்டுமே. மூன்று ஆட்டங்களுக்குப் பதில் நான்கு ஒற்றையர், ஓர் இரட்டையர் என ஐந்து ஆட்டங்கள். அந்த ஆண்டு வாலென்சியாவில் ஸ்பெயின் அமெரிக்காவை 3-2 என வென்றது.

மாற்றத்தை முன்மொழிந்தோரின் வாதம் எளியது. தேசிய அணி என்பது தேசத்தின் முன் ஆட வேண்டியது. உள்ளூர்க் கூட்டம், உள்ளூர்த் தொலைக்காட்சி, உள்ளூர்ச் சங்கத்துக்கு நுழைவுச்சீட்டு வருவாய் ஆகியவை மகளிர் டென்னிஸை ஒவ்வொரு நாட்டிலும் வேரூன்றச் செய்யும். இந்த எதிர்பார்ப்பு ஓரளவு நிறைவேறியது என்றே சொல்லலாம். 2011 முதல் 2018 வரை ஆறு முறை வென்ற செக் அணிக்குப் பிராக் அரங்கு கோட்டையாக அமைந்தது. 2017 இறுதி மின்ஸ்கிலும், 2019 இறுதி பெர்த்திலும் நிறைந்த அரங்குகளில் நடந்தன. கோப்பைக்கு அதுவரை எட்டாத நாடுகளும் முன்னே வந்தன. 2001-இல் பெல்ஜியமும், 2002-இல் ஸ்லோவாகியாவும், 2006-இல் இத்தாலியும் முதல்முறை வென்றன.

எனினும் புதிய அமைப்பு உடனே நிலைபெறவில்லை. 2000-இல் குழுச் சுற்றுகளுக்குப் பின் நான்கு அணிகளின் இறுதிக்கட்டம் லாஸ் வேகாஸில் ஓரிடத்தில் நடந்தது. 2001-இல் மாட்ரிடில் நடந்த இறுதிக்கட்டத்திலிருந்து, செப்டம்பர் 11 தாக்குதலைத் தொடர்ந்து அமெரிக்கா விலகியது. 2003-இல் மாஸ்கோவில் நடந்த இறுதியில் மோதியவை பிரான்சும் அமெரிக்காவும். இவ்வாறு ஓரிட இறுதிக்கட்டத்தைச் சோதித்துப் பார்த்த பின், 2005-இல் உலகப் பிரிவு ஒன்று, இரண்டு என எட்டு எட்டு அணிகளோடு சொந்த மண் முறை உறுதியானது.

இந்த விடையின் மீது வைக்கப்பட்ட முதன்மைக் குற்றச்சாட்டு, நடத்தும் நாட்டுக்குக் கிடைக்கும் சாதகம். கூட்டமும் தரையும் அதன் பக்கம் இருக்கையில் போட்டி நேர்மையானதா என்பது கேள்வி. 2005 முதல் 2019 வரை நடந்த 15 இறுதிப் போட்டிகளை எண்ணிப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. அவற்றில் ஏழில் நடத்திய நாடும், எட்டில் விருந்தாக வந்த நாடும் வென்றன. பாரிஸ், மாட்ரிட், ஸ்ட்ராஸ்பர்க் ஆகிய நகரங்களில் உள்ளூர் ரசிகர்கள் தோல்வியையே கண்டனர். எண்ணிக்கை சிறியது. இறுதிக்கு வருபவை எல்லாமே வலிய அணிகள். ஆகவே முந்தைய சுற்றுகளில் உள்ளூர்ச் சாதகம் இல்லை என்று இதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆயினும் கோப்பையையே அது தீர்மானித்தது என்ற வாதத்துக்கு இந்த எண்கள் துணை நிற்கவில்லை.

இதைவிடக் கனமான குறை வேறொன்று. முதல் நிலையில் ஆடும் நாடுகள் 32-இலிருந்து எட்டாகச் சுருங்கின. சொந்த மண் முறை ஒவ்வொரு நாட்டிலும் ஒரு திருவிழாவை உருவாக்கியது உண்மை. ஆனால் அந்தத் திருவிழா நடந்த நாடுகளின் பட்டியல் குறுகியது. பிப்ரவரி, ஏப்ரல், நவம்பர் எனச் சிதறிய நாட்களில் நடந்ததால் பொது ரசிகர்களின் கவனம் தொடர்ச்சியாக நிலைக்கவுமில்லை.

மூன்றாம் விடை: மீண்டும் ஒரே ஊர் (2021 முதல்)

2019-இல் டேவிஸ் கோப்பை தன் இறுதிக்கட்டத்தை மாட்ரிடில் ஒரே வாரத்துக்குள் அடக்கியது. அதே ஆண்டு ஜூனில் மகளிர் கோப்பைக்கும் அத்தகைய திட்டம் அறிவிக்கப்பட்டது. 12 அணிகள் புடாபெஸ்டில் கூடும். பரிசுத்தொகை 1.8 கோடி டாலர். அதில் 1.2 கோடி வீராங்கனைகளுக்கும், 60 லட்சம் நாட்டுச் சங்கங்களுக்கும் செல்லும். கொரோனா பெருந்தொற்றால் திட்டம் தள்ளிப்போனது. இடையில் 2020 செப்டம்பரில் கோப்பைக்குப் பில்லி ஜீன் கிங்கின் பெயர் சூட்டப்பட்டது. புடாபெஸ்ட் விலகியதால் 2021 நவம்பரில் பிராக்கில் முதல் இறுதிக்கட்டம் நடந்தது. தொடர்ந்து கிளாஸ்கோ, செவில், மாலகா, ஷென்சென் ஆகிய நகரங்கள் நடத்தின.

முதல் விடைக்கும் இதற்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. நோக்கம் வேறு. 1963-இல் ஒரே ஊர் என்றது சிறிய நாடுகளின் செலவைக் குறைக்க. இப்போது அது பெரும் பரிசு, தொலைக்காட்சி உரிமை, நடத்தும் நகரத்தின் முதலீடு ஆகியவற்றை ஒரு வாரத்தில் குவிப்பதற்காக. ஆண்களுக்கு நிகரான மேடையும் ஊதியமும் பெண்களுக்கு வேண்டும் என்று 1970-களிலிருந்து போராடிய ஒருவரின் பெயரைத் தாங்கும் போட்டிக்கு இந்த நோக்கம் பொருத்தமற்றது அன்று. பெண்களின் அணிப் போட்டி பணத்தைப் பற்றிப் பேசுவதே தவறு என்ற பழைய மனநிலையை ஏற்க இயலாது.

குறை அரங்கில் தெரிகிறது. 2021 முதல் 2025 வரை நடந்த ஐந்து இறுதிப் போட்டிகளிலும் நடத்திய நாட்டின் அணி இல்லை. பிராக்கில் ரஷ்யாவும் சுவிட்சர்லாந்தும், கிளாஸ்கோவில் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரேலியாவும், செவிலில் கனடாவும் இத்தாலியும், மாலகாவில் இத்தாலியும் ஸ்லோவாகியாவும், ஷென்சென்னில் இத்தாலியும் அமெரிக்காவும் மோதின. நாட்டின் பெயரால் நடக்கும் போட்டியின் உச்ச நாளில் மோதும் நாடுகளின் மக்கள் அரங்கில் சிறுபான்மையாக இருப்பது இந்த அமைப்பின் உள்ளார்ந்த சிக்கல். இதை ஈடுசெய்யத் தகுதிச் சுற்றுகளில் உள்ளூர் மண் தக்கவைக்கப்பட்டது. அதுவும் 2025-இல் மாறியது. மூன்று மூன்று அணிகள் கொண்ட ஏழு குழுக்கள் அவரவர் குழுவுக்குரிய ஒரே ஊரில் ஆடின.

இறுதிக்கட்டமும் நிலையான வடிவம் பெறவில்லை. 2023 வரை 12 அணிகள் நான்கு குழுக்களாக லீக் முறையில் ஆடின. 2024-இல் அதே 12 அணிகள் நாக்-அவுட் முறைக்கு மாறின. 2025-இல் எட்டு அணிகளே மிஞ்சின. ஐந்து ஆண்டுகளில் மூன்று வடிவங்கள் என்பது எந்தத் தரப்பும் முழு நிறைவு அடையவில்லை என்பதன் அறிகுறியாகக் கொள்ளத்தக்கது.

எத்தனை ஆட்டங்கள்: இரட்டையரின் எடை

இட விவாதத்தின் நிழலில் மறைந்த ஒரு கேள்வி உண்டு. ஒரு மோதலில் ஐந்து ஆட்டங்களா, மூன்றா? ஐந்து ஆட்ட முறையில் முதல்நிலை வீராங்கனை இரு ஒற்றையரிலும் ஆடலாம். இரட்டையரிலும் சேர்ந்தால், வெற்றிக்குத் தேவையான மூன்று புள்ளிகளிலும் அவர் கை இருக்கும். 2004-இல் மாஸ்கோவில் அனஸ்தேசியா மிஸ்கினாவும், 2005-இல் பாரிஸில் எலெனா டெமென்டியேவாவும் ரஷ்யாவுக்காக இதைச் செய்தனர். 2019-இல் பெர்த்தில் கிறிஸ்டினா மிளாடெனோவிச் பிரான்சுக்காகச் செய்தார். இரண்டு ஒற்றையர்களையும் வென்றார். அவற்றில் ஒன்று உலகின் முதலிட வீராங்கனை ஆஷ்லி பார்ட்டிக்கு எதிரானது. பின் கரோலின் கார்சியாவுடன் இரட்டையரையும் வென்றார்.

மூன்றாம் விடையின் இறுதிக்கட்டத்தில் மீண்டும் வந்த மூன்று ஆட்ட முறையில் ஒற்றையரில் ஒருவர் ஒரு புள்ளியே தர முடியும். இரட்டையரின் பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாக உயர்கிறது. 2024 அரையிறுதி இதற்கு நல்ல சான்று. போலந்தின் இகா ஸ்வியாடெக் தன் ஒற்றையரை வென்றார். ஆனால் சாரா எர்ரானி, ஜாஸ்மின் பாவுலினி இணை இரட்டையரில் அவரும் இருந்த ஜோடியை வீழ்த்தி இத்தாலியை இறுதிக்கு அனுப்பியது. 2025 அரையிறுதியிலும் உக்ரைனுக்கு எதிராக அதே இணைதான் இத்தாலிக்குக் கைகொடுத்தது.

ஐந்து ஆட்டங்களை விரும்புவோர், அதில் ஆழமும் திருப்பமும் உண்டு, ஒரு நாள் சறுக்கினால் மறுநாள் மீளலாம் என்பர். மூன்றை விரும்புவோர், அது ஒரே நாளில் முடிகிறது, அணியின் இணக்கத்துக்கு உரிய மதிப்பைத் தருகிறது என்பர். இரண்டும் நியாயமே. எனினும் இரட்டையர் ஆட்டத்துக்கெனத் தனி நிபுணத்துவம் கொண்ட வீராங்கனைகள் தேசிய மேடையில் மதிப்புப் பெறுவது மூன்று ஆட்ட முறையில்தான் எளிதாகிறது என்பது கவனிக்கத்தக்கது.

நாட்காட்டியும் முன்னணி வீராங்கனைகளும்

சிறந்த வீராங்கனைகள் வராவிட்டால் எந்த அமைப்பும் வெற்றி பெறாது. மகளிர் டென்னிஸின் ஆண்டுத் தொடரை நடத்துவது மகளிர் டென்னிஸ் சங்கம். இக்கோப்பையை நடத்துவது சர்வதேசக் கூட்டமைப்பு. இரண்டும் தனித்தனி அமைப்புகள் என்பதே சிக்கலின் வேர். 2022-இல் சங்கத்தின் ஆண்டிறுதிப் போட்டி டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் முடிந்த மறுநாளே கிளாஸ்கோவில் கோப்பை தொடங்கியது. 2023-இல் மெக்சிகோவின் கான்கூனுக்கும் செவிலுக்கும் இடையில் அதே நெருக்கடி. ஒரு கண்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் பறந்து, தரையும் நேரமும் மாறி உடனே ஆடச் சொல்வது உடலுக்கு ஏற்றதன்று. ஸ்வியாடெக் இரு ஆண்டுகளும் கோப்பையைத் தவிர்த்தார்.

2025-இல் இறுதிக்கட்டம் செப்டம்பருக்கு மாற்றப்பட்டது. அமெரிக்க ஓப்பன் முடிந்து ஒன்பது நாட்களில், ஆசியச் சுற்றின் தொடக்கத்தில் அது அமைந்தது. நவம்பர் நெருக்கடியை விட இது ஏற்றது எனத் தோன்றுகிறது. ஆனால் ஒரே ஆண்டின் அனுபவத்தை வைத்து முடிவு சொல்வது சரியாகாது. நாட்டு அணிக்கு ஆடுவதை ஒலிம்பிக் தகுதியோடு இணைக்கும் விதியும் வீராங்கனைகளை ஈர்க்கிறது. அது கட்டாயத்தால் வரும் வரவு. விருப்பத்தால் வரும் வரவைப் பெருக்க நாட்காட்டியைத்தான் திருத்த வேண்டும். கோப்பையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தலாம், ஆண்கள் கோப்பையோடு சேர்க்கலாம் என்ற யோசனைகளும் அவ்வப்போது எழுகின்றன. 2024-இல் மாலகாவில் இரு கோப்பைகளின் இறுதிக்கட்டங்களும் அடுத்தடுத்து நடந்தன. மறு ஆண்டே அவை பிரிந்தன.

கீழ்ப் பிரிவுகளிலிருந்து பார்த்தால்

மேற்கண்ட விவாதம் பெரும்பாலும் உச்சியில் உள்ள நாடுகளைப் பற்றியது. பங்கேற்கும் நாடுகளில் மிகப் பெரும்பாலானவை ஆசியா/ஓசியானியா, ஐரோப்பா/ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள் எனும் மண்டலப் பிரிவுகளில் ஆடுபவை. அங்கே உச்சியில் எந்த முறை வந்தாலும் போனாலும், ஒரு வாரம் ஒரே ஊர் என்ற பழைய விடையே தொடர்ந்தது. காரணமும் 1963-இல் இருந்த அதே செலவுதான்.

இந்தியாவின் அனுபவம் இதை விளக்கும். கோயம்புத்தூரில் பிறந்து, 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதன்மைச் சுற்று ஆட்டம் வென்ற நிருபமா வைத்தியநாதன் காலத்திலிருந்து இந்திய அணி மண்டலப் பிரிவுகளிலேயே ஆடி வந்தது. 2020 மார்ச்சில் துபாயில் அங்கிதா ரெய்னா, சானியா மிர்சா ஆகியோர் இருந்த அணி, முதல்முறையாக அடுத்த நிலைக்கான பிளே-ஆஃப் வாய்ப்பைப் பெற்றது. அதற்காக 2021 ஏப்ரலில் லாட்வியாவின் யூர்மாலாவுக்குச் சென்று 1-3 எனத் தோற்றது. 2025 ஏப்ரலில் ஆறு நாடுகள் கலந்துகொண்ட மண்டலப் போட்டி புனேயில் நடந்தது. அதில் இந்தியா இரண்டாம் இடம் பெற்று, நவம்பரில் பெங்களூரில் நடந்த பிளே-ஆஃபுக்குச் சென்றது. அங்கே முன்னேற முடியவில்லை. ஆனாலும் இந்திய ரசிகர்கள் தங்கள் மகளிர் அணியைச் சொந்த நகரங்களில் காணும் வாய்ப்பு ஒரே ஆண்டில் இருமுறை கிட்டியது. ஒரே ஊர் முறையும் சொந்த ஊர் உணர்வும் எப்போதும் முரண்பட்டவை அல்ல என்பதை இது காட்டுகிறது. நடத்தும் உரிமை பணக்கார நாடுகளைத் தாண்டிச் சுழன்றால் இரண்டும் சேர்ந்து வரக்கூடும்.

மதிப்பீடு

மூன்று விடைகளும் மூன்று வெவ்வேறு தேவைகளுக்குப் பிறந்தவை. முதலாவது நாடுகளின் எண்ணிக்கையைப் பெருக்கியது. இரண்டாவது அணியை அதன் மக்களிடம் கொண்டு சேர்த்தது. மூன்றாவது வீராங்கனைகளின் ஊதியத்தையும் மேடையையும் உயர்த்த முயன்றது. ஒன்றை முன்னிறுத்தும்போது மற்றவை ஏதோ அளவில் விட்டுக்கொடுக்கப்பட்டதை வரலாறு காட்டுகிறது. எந்த அமைப்பும் முற்றிலும் தவறு என்று சொல்லச் சான்றில்லை.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. சொந்த மண் சாதகம் கோப்பையின் நேர்மையைக் குலைத்தது என்ற வாதம் வலுவிழந்தது. இறுதிக்கட்டம் ஆண்டிறுதிப் போட்டியை ஒட்டி வரக்கூடாது என்பது இப்போது ஏறத்தாழ ஏற்கப்பட்ட பாடம். திறந்திருக்கும் கேள்விகள் மூன்று: நடத்தும் நாடு இல்லாத இறுதிப் போட்டிக்கு அரங்கை நிறைப்பது எப்படி, எட்டு அணிகள் என்ற எல்லை புதிய நாடுகளின் வளர்ச்சியைத் தடுக்குமா, இரு அமைப்புகள் ஒரே நாட்காட்டியை ஒப்புக்கொள்ளுமா.

இவற்றுக்கு விடை தேடுவோருக்கு, அடிக்கடி வடிவத்தை மாற்றுவதை விட, ஒரு வடிவத்தைப் பத்தாண்டாவது நிலைக்கவிட்டு அதன் விளைவை அளப்பதே பயனுள்ளது. 1963-இல் வகுத்த முறை சிறு மாற்றங்களோடு 32 ஆண்டுகளும், 1995-இல் வகுத்த முறை இடைத் தடுமாற்றங்களோடு 25 ஆண்டுகளும் நின்றன. இன்றைய முறைக்கு அத்தகைய காலம் இன்னும் தரப்படவில்லை.